அத்தை படியில் விழவில்லை

அந்த நாளிதழின் கலைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. வாசல் காவலாளி முதல் எடிட்டர் வரை எல்லோருக்கும் அவர் மூணரைதான். "மூணரை வந்தாச்சா?", "மூணரையைக் கேளுங்க", "மூணரைக்கு ஒரு டீ." அவரும் திரும்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாகத் திரும்பிப் பார்த்துப் பார்த்து, தெருவில் யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நடந்துகொண்டே இருப்பார்.

காரணம் ரொம்ப எளிது. சினிமாவோ நாடகமோ தொலைக்காட்சித் தொடரோ, எதைப் பார்த்து எழுதினாலும் கடைசியில் ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் போடுவார். கூடவும் போடமாட்டார், குறைக்கவும் மாட்டார்.

பிறவியிலேயே அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு படத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார். மறுநாள் காலை தயாரிப்பாளர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சண்டை போட்டிருந்தால் தேவலை. மனிதர் அழுதார். பன்னிரண்டு மணி வரை அழுதுவிட்டு, மேஜைமேல் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, அழுதுகொண்டே பாதியைச் சாப்பிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் இவர் ஒரு நாடகத்துக்கு ஐந்து போட்டார். ஊரில் இருந்த மற்ற பதினொரு நாடகக் குழுக்காரர்களும் வரிசையாக வந்து, தங்களிடம் என்ன குறையைக் கண்டார் என்று கேட்டார்கள். ஐந்து வாங்கியவர்களும் விடவில்லை. விளக்குப் போட்டவரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை என்று வந்து நின்றார்கள். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். மூன்றரை போட்டுப் பார்த்தார். யாரும் வரவில்லை. அந்த நிம்மதி பழகிவிட்டது.

முன்னோட்டக் காட்சி முடிந்து வெளியே வரும்போது இயக்குநர்கள் கதவோரம் நின்று கையைப் பிடித்துக்கொண்டு "எப்படி சார்?" என்பார்கள். அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "முயற்சி வித்தியாசமா இருக்கு." நாய்கூடக் கடிக்காத வாக்கியம். நாளடைவில் அது நாக்கிலேயே குடியேறிவிட்டது. அக்காவின் சமையலுக்கும் அதுதான், மனைவியின் புதுச் செருப்புக்கும் அதுதான். சக ஊழியர் ஒருவர் பிறந்து நாலு நாளான குழந்தையைத் துணியில் சுற்றி நீட்டியபோதும் அதையே சொல்லிவைத்தார். அந்த ஊழியர் அதோடு இவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நாடக அரங்குகளில் மூன்றாவது வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. அதில் தூங்குவார். சும்மா தூங்குவதில்லை. தூக்கத்திலேயே சரியான இடத்தில் கைதட்டும் பயிற்சி அவருக்கு இருந்தது. விழித்துக்கொண்டிருப்பவர்கள் அவர் தட்டுவதைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். சரியானால் சரி, தப்பானால் முட்டை. நடுவில் ஒன்றும் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் அவர் விடைத்தாள் திருத்துவார், மறுபக்கம் இவர் விமர்சனம் எழுதுவார்.

"எங்க ஸ்கூல்ல நீங்க இருந்தா எல்லா பசங்களும் எழுபது மார்க்" என்பார் டீச்சர்.

"நல்லதுதானே? யாரும் ஃபெயில் ஆக மாட்டாங்க."

"யாரும் படிக்கவும் மாட்டாங்க."

வீட்டில் மூன்றாவது ஆள் அக்கா. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தம்பி வீட்டோடு இருந்தார். தம்பி வேலை பார்க்கும் பத்திரிகையை அவர் மதிப்பதில்லை. செய்திக்கு வேறு பத்திரிகை வாங்குவார். இதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். அந்தக் கட்டத்தின் பெயர் 'இன்றைய கதை.'

பன்னிரண்டு தொடர்கள், தொடருக்கு இரண்டு வரி. இன்று இரவு அதில் என்ன நடக்கப்போகிறது என்று காலையிலேயே சொல்லிவிடும். தொடர் எடுக்கும் கம்பெனிகள் முதல் நாள் மதியத்துக்குள் அந்த இரண்டு வரியை அனுப்ப வேண்டும். மூணரை அவற்றைக் கட்டத்தில் அடுக்குவார். அவருடைய வேலையிலேயே மூளைக்குக் கொஞ்சமும் தொந்தரவு கொடுக்காத பகுதி இதுதான். தொடர்களை அவர் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கடைசியாக ஒன்றைப் பார்த்தார், மூன்றரை போட்டார், அத்தோடு சரி.

பதினொரு கம்பெனிகள் ஒழுங்காக அனுப்பிவிடும். எட்டு மணித் தொடர்க்காரர்கள் மட்டும் அனுப்பமாட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மதியம் எடுத்து இரவே ஒளிபரப்புகிற கூட்டம் அது. நாளைக்கு என்ன கதை என்று அவர்களுக்கே தெரியாது. மூணரை நாலு தடவை போன் போட்டு உயிரை எடுத்தால், சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் "குடும்பத்தில் குழப்பம்" என்று எதையாவது சொல்வார்கள்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான். பதினொன்று வந்துவிட்டது, எட்டு மணி வரவில்லை. கட்டத்தில் ஓட்டை தெரியக் கூடாது என்பதற்காக அதற்குக் கீழே இருந்த எட்டரை மணித் தொடரின் இரண்டு வரியையே மேலேயும் ஒட்டிவைத்தார், வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று. பத்திரிகையில் பக்கம் போடுகிற எல்லோரும் தினம் செய்வதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு இயக்குநர் போன் செய்தார். அவருடைய படத்துக்கும் மூன்றரை, அவருடைய எதிரியின் படத்துக்கும் மூன்றரை, இது எப்படி என்று நாற்பது நிமிஷம் கேட்டார். மூணரை நாற்பது நிமிஷமும் பிடி கொடுக்காமல் பேசி முடித்து நிமிர்ந்தபோது பக்கம் போயிருந்தது.

ஒட்டியது ஒட்டியபடியே போயிருந்தது. 'அத்தை மாடிப்படியில் தவறி விழுகிறார். மருத்துவர் கையை விரிக்கிறார்.' இரண்டு தொடரிலும் அத்தை உண்டு, இரண்டு தொடரிலும் டாக்டர் உண்டு. படிக்கிறவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பத்திரிகையோடு சமையலறைக்கு வந்தார்.

"எட்டு மணி அத்தை சாகப்போறாங்களாடா?"

மூணரை கட்டத்தை எட்டிப் பார்த்தார்; தப்பு தப்பாகவே இருந்தது. ஆனாலும் ஒரு தப்பான வரியால் யாருக்கு என்ன? இரவு வேறு எதையாவது காட்டுவார்கள், இரண்டு பேர் போன் செய்து திட்டுவார்கள். "இருக்கும்க்கா" என்று மென்று விழுங்கிவிட்டுப் போனார்.

இரவு எட்டு மணிக்கு, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டீச்சர் விடைத்தாள் கட்டோடு மேஜையில் இருந்தார்.

எட்டு பதினெட்டுக்கு அத்தை படியில் விழுந்தார்.

"அந்த வீட்டுல மாடியே கிடையாதேடா" என்று அக்கா அலறினார். "எதுல ஏறினாங்க?"

"மொட்டை மாடி இருக்கும்க்கா."

"மொட்டை மாடிக்கு வெளிப்பக்கம் ஏணி இருக்கு! ஆறு வருஷம் முன்னாடி சின்ன மருமக அதுலேர்ந்துதான் விழுந்தா. உனக்கு என்ன தெரியும்?"

மூணரைக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அவர் அந்த நடிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் விழும்போது கையை ஆட்டுவார்கள், கத்துவார்கள். இந்த அம்மாள் கத்தவில்லை. கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு கையால் மூக்குக் கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கீழே கிடந்தபடி, இந்தப் படிக்கட்டு எப்போது இங்கே வந்தது என்பதுபோல அதை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். வீட்டில் வயதானவர்கள் விழுந்தால் அப்படித்தான் விழுவார்கள். மூணரைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை சாவு பார்த்திருப்பார், ஒன்றுக்கும் அவர் இப்படி ஆனதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் டீச்சர் சிவப்புப் பேனாவை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வந்து கையை விரித்தார். எட்டரைக்கு அடுத்த தொடர் தொடங்கியது. அதிலும் அத்தை படியில் விழுந்தார், அதிலும் டாக்டர் கையை விரித்தார். அக்கா தொலைக்காட்சியை அணைத்தார்.

"காலைலயே தெரியும் உனக்கு. பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்த்தே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு எழுந்து போனவர், அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

புதன்கிழமை காலை மூணரை எட்டு மணித் தொடரின் இயக்குநருக்குப் போன் செய்தார். யதார்த்தமாகக் கேட்பதுபோல, "அத்தையை ஏன் சார் திடீர்னு?" என்றார்.

"என்னைக் கேக்குறீங்க? நீங்கதானே போட்டீங்க" என்றார் இயக்குநர். "காலைல பேப்பரைப் பார்த்தேன். சேனல்காரங்க என்கிட்ட சொல்லாம நேரா உங்களுக்கு அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். நமக்கு எதுக்கு வம்புன்னு எடுத்துட்டேன்."

"சேனல்ல கேக்கலையா?"

"எடுத்து முடிச்சதும் அவங்களே போன் பண்ணாங்க. நான் முடிவு பண்ணி உங்களுக்கு அனுப்பிட்டேன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. கதாசிரியர், நானும் சேனலும் சேர்ந்து அவருக்குத் தெரியாம முடிவு பண்ணிட்டோம்னு கோவிச்சுக்கிட்டாரு. ஆனா எழுதிக் குடுத்துட்டாரு, பாவம்."

"படிக்கட்டு?"

"அதை ஏன் கேக்குறீங்க! நம்ம வீடு ஒரே தளம். பக்கத்துல போலீஸ் ஸ்டேஷன் சீரியல் எடுத்துக்கிட்டிருந்தாங்க, அங்கேர்ந்து கடன் வாங்கினோம். மேல ஏறினா வெறும் சுவர்தான். ஆமா, யார் சார் உங்களுக்கு அனுப்பினது?"

மூணரை, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி போனை வைத்தார். யாரும் கூப்பிடவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். அவரைப் பார்க்க அத்தை வந்திருந்தார்.

அத்தையாக நடித்தவர், என்று சொல்ல வேண்டும். ஆனால் ஒன்பது வருஷமாக அவரை யாரும் வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. வரவேற்பறைப் பெண்மணி எழுந்து நின்று, இறந்துபோனவருக்கு நாற்காலி போடலாமா கூடாதா என்ற குழப்பத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மூணரை அவரைத் தன் மேஜைக்கு அழைத்துப்போனார். அந்தத் தயாரிப்பாளர் அழுத அதே எதிர் நாற்காலி.

அத்தை அழவில்லை. முகத்தில் தொடரில் வரும் அதே மூக்குக் கண்ணாடி. அதில் கண்ணாடியே இல்லை, வெறும் வளையம். விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசும் என்று ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டார்களாம். கண் அரித்தபோது வளையத்துக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டார்.

"உங்களை ஒண்ணுதான் கேக்க வந்தேன் சார்" என்றார். "நான் சாகப்போறேன்னு எனக்கு மேக்கப் ரூம்லதான் தெரியும். உங்களுக்கு முந்தின நாளே தெரிஞ்சிருக்கு. யார் சொன்னாங்க? அவர் யாருன்னு சொல்லுங்க, போய்க் கெஞ்சிப் பாக்குறேன். டைரக்டர் சேனல்ங்கிறார், சேனல் டைரக்டர்ங்கிறாங்க. யார் கால்ல விழறதுன்னே தெரியல."

மூணரை தண்ணீர் குடித்தார்.

"வெள்ளிக்கிழமை அடக்கம். அன்னிக்கு எனக்குக் கடைசி நாள். வசனம் கிடையாது, படுத்துக் கிடக்கணும், அவ்வளவுதான். இந்த வயசுல இன்னொரு அத்தை வேஷம் எனக்கு யாரு குடுப்பாங்க? எல்லா சீரியல்லயும் அத்தை இருக்காங்களே. வீட்டுல என் மகன் பொண்டாட்டியும் என்னை அத்தைன்னுதான் கூப்பிடறா. நேத்து ராத்திரி நான் சோபாவுல உக்காந்திருக்கேன், என் முன்னாடி உக்காந்து டிவியைப் பார்த்து 'அத்தை போயிட்டீங்களே'ன்னு அழறா. 'இங்கதாம்மா இருக்கேன்'னு சொன்னேன். 'சும்மா இருங்க அத்தை, முக்கியமான சீன்'கிறா."

"நீங்க விழுந்தது..." என்று மூணரை ஆரம்பித்தார். எவ்வளவோ சொல்ல நினைத்தார். வாய் தானாகத் திறந்து பழக்கப்பட்டதைச் சொன்னது. "முயற்சி வித்தியாசமா இருந்துச்சு."

அத்தை மூக்குக் கண்ணாடியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கண்ணாடி கம்பெனிச் சொத்து. உடைஞ்சிடப்போகுதுன்னு பிடிச்சுக்கிட்டேன். அந்தப் படிக்கட்டை அப்பத்தான் முதல்முதலா பாக்குறேன், அதான் பார்த்தேன்" என்றார். "பன்னிரண்டு வருஷம் முன்னாடி ஒரு சீரியலுக்கு மூணரை போட்டீங்க. நான் அதுலயும் அத்தைதான். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த மூணரையில நான் எவ்வளவு சார்? அந்த அரையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து, மறக்காமல் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். மூணரைக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பழைய தயாரிப்பாளரைப் போல அழுது, டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நாளைய கட்டத்தில் 'அத்தை கண் விழிக்கிறார்' என்று சத்தமில்லாமல் எழுதிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. கொன்றதும் இரண்டு வரி, பிழைக்கவைக்கவும் இரண்டு வரிதானே? ஆனால் விதியைப் பாருங்கள். அன்று மதியம், சரித்திரத்தில் முதல்முறையாக, எட்டு மணித் தொடரின் இரண்டு வரி நேரத்துக்கு வந்துவிட்டது. அதுவும் ஆள் மூலமாக, உறையில் போட்டு ஒட்டி. ஒரே இரவில் இரண்டு அத்தை செத்ததில் பார்வையாளர் கூட்டம் எகிறிவிட்டதாம். வியாழன்: உறவினர்கள் கூடுகிறார்கள். வெள்ளி: அத்தையின் இறுதிப் பயணம், சிறப்பு ஒரு மணி நேரம். கீழே முத்திரை வேறு.

மாலையில் வீட்டுக்குப் போய், அக்காவின் அறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். டீச்சர் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் ஒரு விடைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இந்தப் பையனுக்கு நான் தப்பா நாலு மார்க் போட்டுட்டேன். எட்டு போடணும். என்ன பண்ணுவேன்?"

"அழிச்சிட்டு எட்டுன்னு போடுவே."

"அழிக்கக் கூடாதுங்க. அழிச்சா செல்லாது. நாலு தெரியற மாதிரி ஒரு கோடு அடிச்சு, பக்கத்துல எட்டு போட்டு, அதுக்குப் பக்கத்துல என் கையெழுத்தைப் போடணும். தப்பு பண்ணது இன்னார்னு தெரியணும். அப்பத்தான் அந்த எட்டை ஒத்துப்பாங்க."

"வேலை போயிட்டா?"

"எனக்கு இருக்கே. போகட்டுமே" என்றார் டீச்சர். "ஏங்க, நேத்து நீங்க அழுதீங்கல்ல?"

"கண்ணுல தூசி."

"எத்தனை மார்க் தூசி?"

வியாழக்கிழமை காலை மூணரை எடிட்டர் அறைக்குப் போனார். எடிட்டர் நல்ல மனிதர்தான். ஆனால் மறுப்பும் திருத்தமும் அவருக்கு ஆகாது. பத்து வருஷத்துக்கு முன் ஒரு பாலம் திறந்ததாகச் செய்தி போட்டு, அது திறக்கப்படவில்லை என்று தெரிந்ததும், திருத்தம் போடாமல் பாலம் திறக்கிறவரை எட்டு மாதம் காத்திருந்தவர் அவர்.

"பேப்பர் தப்பு பண்றதில்ல" என்றார் எடிட்டர்.

"பண்ணிடுச்சு சார்."

"ஆளுங்கதான் பண்றாங்க. பேப்பர் பேர்ல வராது. போட்டே ஆகணும்னா உங்க பேர்ல போடுங்க. போட்டீங்கன்னா இந்தப் பக்கம் உங்ககிட்ட இருக்காது. உங்களை நம்பி யாரு படம் காட்டுவான்? வானிலைப் பகுதி காலியா இருக்கு. பாக்குறீங்களா?"

இருபத்திரண்டு வருஷம். அந்த மூன்றாவது வரிசை நாற்காலியும் மின்விசிறியும் மூணரையின் கண்முன் வந்து போயின. அதைவிடச் சங்கடம், அவர் பெயர் இதுவரை அச்சில் வந்ததே இல்லை. எல்லாம் 'நமது விமர்சகர்' தான். அவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது. தன் பெயர் முதல்முறை அச்சில் இப்படியா வர வேண்டும் என்று நினைத்தபோது கொஞ்சம் அழுகையாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"பாக்குறேன் சார்" என்றார்.

எழுத உட்கார்ந்தார். நூற்றுக்கணக்கான விமர்சனங்களை டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தவருக்கு இந்த ஏழெட்டு வரிக்கு மதியம் வரை ஆனது. வெள்ளிக்கிழமை காலை அது இப்படி வந்தது:

'திருத்தம். செவ்வாயன்று "இன்றைய கதை" பகுதியில் எட்டு மணித் தொடரின் கதையாக வெளியானது உண்மையில் எட்டரை மணித் தொடரின் கதை. எட்டு மணித் தொடரில் அத்தை இறக்க வேண்டும் என்று எவரும் முடிவு செய்யவில்லை. அவர் படியில் விழவில்லை. அந்த வீட்டில் படியே இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. ஆனால் அவர் விழுந்ததை நான் பார்த்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த நடிப்பு அதுதான். ஐந்துக்கு ஐந்து.'

கீழே பெயர். அலுவலகத்தில் பாதிப் பேர் அது யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மதியம் வரை யாரும் போன் செய்யவில்லை. ஐந்து போட்டால் பதினொரு பேர் வருவார்கள் என்று பயந்திருந்தவர், ஒருவரும் வராதது அதைவிடப் பயமாக இருக்க, மதியத்துக்கு மேல் அவரே எட்டு மணி இயக்குநருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கக் காட்சியை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மேஜையைக் காலி செய்து, மழைமானி பற்றிய ஒரு கையேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எட்டு மணிக்கு அக்கா, பேசாவிட்டாலும், துக்கத்துக்கு வந்தவர்போல அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இன்றைய கட்டத்தில் இறுதிப் பயணம் என்று படித்தவர் அதற்குமேல் அந்தப் பத்திரிகையில் எதையும் படிக்கவில்லை. படிப்பதும் வழக்கமில்லை. டீச்சர் இன்று விடைத்தாள் இல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

திரையில் ஆஸ்பத்திரி. வெள்ளைத் துணியின் கீழ் அத்தை. சுற்றிலும் குடும்பம். உறவினர்கள் எல்லோரும் ஒரு மூச்சு அழுது முடித்தார்கள். இருபது நிமிஷம் போனது. மூணரை தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் வீண், இவ்வளவு செய்தும் அந்த அம்மாளைக் காப்பாற்ற முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது தொடரில் அந்த வீட்டின் மூத்தவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். கையில் ஒரு நாளிதழ்.

"நிறுத்துங்க! அத்தை படியில விழல! பேப்பர்ல போட்டிருக்கான்!"

டாக்டர் பத்திரிகையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அந்த வீட்டில் படியே இல்லை" என்ற வரியை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு விரித்த கையை மடக்கிக்கொண்டு, "மன்னிக்கணும். அப்படின்னா இவங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். இதை யார் முடிவு செய்தார்கள் என்று பிற்பாடு மூணரை விசாரித்துப் பார்த்தார். இயக்குநர், திருத்தம் போடச் சொன்னது சேனல் என்று நினைத்திருந்தார். சேனல், இயக்குநர் என்று நினைத்திருந்தது. கதாசிரியர் பழையபடி கோபித்துக்கொண்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

வெள்ளைத் துணி அசைந்தது. ஒரு கை வெளியே வந்து பக்கத்து மேஜையில் தடவி, மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. துணி விலகியது. அத்தை எழுந்து உட்கார்ந்தார். குடும்பமே கதறியது. அத்தை அவர்களைப் பார்க்கவில்லை. மூத்தவனின் கையில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார்.

"நான் விழுந்தது நல்லா இருந்துச்சுன்னு யாரோ எழுதியிருக்காங்களாமே?"

மூத்தவனுக்கு இது வசனத்தில் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கேமராவுக்கு அந்தப் பக்கம் யாரையோ பார்த்து விழித்தான். வேறு வழியில்லாமல் பத்திரிகையைப் பார்த்துப் படித்தான்.

"ஐஞ்சுக்கு ஐஞ்சுன்னு போட்டிருக்கு அத்தை."

"அரை கிரை எதுவும் இல்லையே?"

"இல்ல அத்தை. முழுசா ஐஞ்சு."

"யாரு அது?"

அவன் பத்திரிகையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, திருத்தத்துக்குக் கீழே இருந்த பெயரை எழுத்துக்கூட்டாமல், தெளிவாக, நாடே கேட்கும்படி படித்தான். அத்தை அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு வளையத்துக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்தார். அது நடிப்பா இல்லையா என்று அன்றைக்கு மூணரை வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அக்கா மெதுவாகத் திரும்பினார். மூன்று நாளுக்குப் பிறகு தம்பியிடம் பேசினார்.

"டேய். உன் பேருடா அது."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் எதையாவது பூசி மெழுகுவார். வாய் திறந்தது. டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா. நான்தான்."

"அப்போ விழ வெச்சதும் நீதானா?"

"அதுவும் நான்தான்."

அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். அறைவார் என்றுதான் மூணரை நினைத்தார். திரையில் அத்தை கட்டிலை விட்டு இறங்கி, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரி, தள்ளி உக்காரு" என்றார் அக்கா. "அத்தையை மறைக்குது."

அவர் தள்ளி உட்கார்ந்தார்.